தேய்த்துத் துடைக்காதீர்கள், டீச்சர்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். வயது 37. காலை 6.30 முதல் 8 மணி வரை பயிற்சி, நடுவில் பீரியட்கள், மாலை 4 மணிக்கு மேல் கபடியும் தடகளமும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னம் இரண்டிலும் மங்கு விழுந்தது. கிரவுண்ட் வெயிலில் அது கருத்துக்கொண்டே போகிறது. 'எஸ்.பி.எஃப். 100, ஸ்வெட் ப்ரூஃப்' என்று போட்டிருந்த சன்ஸ்கிரீன் வாங்கிப் போட்டேன். அரை மணி நேரத்தில் வியர்வையோடு வெள்ளை வெள்ளையாக வழிகிறது. "டீச்சர், பவுடர் ஒழுகுது" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கண்ணுக்குள் இறங்கி எரிச்சல் வேறு. ஒருநாள் 100 மீட்டர் ஓட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஸ்டாப் வாட்சை அமுக்கினேன். கழுத்தில் எப்போதும் துண்டு வைத்திருக்கிறேன், துடைத்துத் துடைத்து மாளவில்லை. வியர்வைக்கு அசையாத சன்ஸ்கிரீன் எது? ஜெல் வாங்குவதா, கிரீமா? பிள்ளைகளையும் போடச் சொல்லலாமா? மங்குக்கு என்று மெடிக்கலில் கொடுத்த ஒரு கிரீமை இரவில் போட்டு வருகிறேன், அதைத் தொடரலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது எஸ்.பி.எஃப். 100 இல்லை, டீச்சர். கழுத்தில் இருக்கும் அந்தத் துண்டுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'ஸ்வெட் ப்ரூஃப்' என்ற வார்த்தை. வியர்வைக்கு அசையவே அசையாத சன்ஸ்கிரீன் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் கொண்டுவந்த விதிப்படி 'வாட்டர் ப்ரூஃப்', 'ஸ்வெட் ப்ரூஃப்', 'சன் பிளாக்' ஆகிய வார்த்தைகளை அங்கே அட்டையில் அச்சிடவே கூடாது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் போடலாம். அதையும் சும்மா போட முடியாது, 40 நிமிடமா 80 நிமிடமா என்று சொல்லியாக வேண்டும். அங்கே சன்ஸ்கிரீன் மருந்துக் கணக்கில் வருகிறது. நம் ஊரில் அது அழகுசாதனப் பொருள். அதனால் பவுடர், லிப்ஸ்டிக் விளம்பரம் மாதிரியே இதற்கும் அட்டையில் வாய் கொஞ்சம் நீளமாக இருக்கும். பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட், 80 நிமிடம்' என்று நேரக் கணக்கோடு இருந்தால், யாரோ ஒருவர் அதைத் தண்ணீரில் வைத்துப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். நேரம் போடாமல் வீரம் மட்டும் பேசும் டியூபை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் பிரச்சினை பாதி புரிந்துவிடும். ஆளைத் தண்ணீரில் 20 நிமிடம் இருக்க வைப்பார்கள். பிறகு வெளியே வந்து உலர வேண்டும். மறுபடி 20 நிமிடம் தண்ணீர். இப்படி இரண்டு முறை தாங்கினால் 40, நான்கு முறை தாங்கினால் 80. நடுவில் உலர்வது காற்றில் மட்டும்தான். துண்டால் துடைக்கக் கூடாது என்பது சோதனையின் விதி. பெட்டியில் போட்டிருக்கும் 80 நிமிடம் என்பது துண்டு தொடாத 80 நிமிடம். நீங்களோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நெற்றியிலிருந்து தாடை வரை இழுத்துத் துடைக்கிறீர்கள். எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அந்தத் துண்டு முன்னால் எதுவும் நிற்காது.

எங்கள் கிளினிக்கில் நான் ஒரு வேலை செய்வேன். சன்ஸ்கிரீன் 'வேலை செய்யவில்லை' என்று வருபவர்களிடம், "எப்படித் துடைப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கைக்குட்டையைக் கேட்பேன். விரித்துப் பார்த்தால் நடுவில் சந்தன நிறத்தில் ஒரு முகம் பதிந்திருக்கும். கொடுத்த காசு முழுக்க அந்தத் துணியில்தான் இருக்கிறது.

ஆகவே துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். மெல்லிய பருத்திக் கைக்குட்டை ஒன்றை நாலாக மடித்து, முகத்தில் வைத்து, அமுக்கி, எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பலகாரத்தைத் தாளில் ஒற்றுவோமே, அதே மாதிரி. மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிச்சலாகும், எரிச்சலான இடம் நம் நிறத்தில் கருப்பாகத்தான் ஆறும். துண்டு வேண்டுமென்றால் கழுத்துக்கும் கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்வை குளத்துத் தண்ணீர் மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் மேலிருந்து வந்து மோதுகிறது. வியர்வை உள்ளிருந்து, நீங்கள் பூசிய படலத்துக்கு அடியிலிருந்து கிளம்புகிறது. சுவரில் ஈரம் ஊறினால் வெள்ளையடித்தது பொருக்குப் பொருக்காக எழும்பும், பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே வியர்த்த முகத்தில் அவசரமாகப் பூசினால் அப்படித்தான், படலம் தோலில் ஒட்டவே ஒட்டாது. வெயிலில் இறங்குவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்னால், உலர்ந்த முகத்தில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பூசுங்கள். பூசிய கையோடு வண்டியை எடுத்தால் ஹெல்மெட்டின் பஞ்சே பாதியைத் துடைத்துவிடும்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். எஸ்.பி.எஃப். என்பது வெயிலில் தோல் சிவந்து எரிவதற்கு எதிரான கணக்கு. பெரும்பாலும் புற ஊதா 'பி' கதிருக்கானது. 30 என்றால் அதில் சுமார் 97 சதவீதத்தை நிறுத்தும், 50 என்றால் 98, 100 என்றால் 99. முப்பதுக்கும் நூறுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கு எல்லாமே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிப் பார்த்தது. சாதாரணமாக நாம் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான். பாதி பூசினால் 50 என்பது 25-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். எஸ்.பி.எஃப். 50-ஐ நிறைய பூசுங்கள், நூறைப் பொட்டுப் பொட்டாக வைக்காதீர்கள்.

நிறைய என்றால் எவ்வளவு? ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை டியூபைப் பிதுக்குங்கள். முகம், கழுத்து, காது, பிடரிக்கு அவ்வளவு தேவை, சுமார் 2 கிராம் வரும். ஒரே அப்பாக அப்பாமல் ஒரு விரலை முதலில் பூசி, ஓரிரு நிமிடம் விட்டு, அடுத்த விரலைப் பூசுங்கள். 50 கிராம் டியூப் 25 தடவைக்கு வரும். உங்கள் வேலைக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றால் எட்டு நாள். "ஒரு டியூப் மூணு மாசம் வருது டாக்டர்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசுக்குள் இந்தக் கணக்குதான் ஓடும். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் சிறிய, விலையுயர்ந்த டியூபைவிட, அட்டையில் எல்லாம் சரியாக இருக்கும் நடுத்தர விலைப் பெரிய பாட்டில் உங்களுக்கு நல்லது.

தோலைக் கருக்க வைப்பதில் பெரிய பங்கு புற ஊதா 'ஏ' கதிருக்கு. எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் வைத்து அதைக் கணிக்க முடியாது. அதற்கு 'பி.ஏ.' என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். ஜப்பானில் வந்த முறை அது. நான்கு கூட்டல் குறிதான் இன்றைக்கு உச்சம், மூன்றுக்குக் கீழே வாங்காதீர்கள். இந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டியும் வரும், ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் உட்காரும்போதும் நினைவிருக்கட்டும்.

இதுவரை சொன்னது வெயிலில் நிற்கிற எல்லாருக்கும் பொது. மங்கு உள்ளவர்களுக்கு மேலும் ஒரு சங்கதி இருக்கிறது. புற ஊதா மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே, அதில் உள்ள நீலமும் ஊதாவும், மாநிறத் தோலில் மங்கைக் கருக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, 'டின்டட்' என்று சொல்லப்படும் தோல் நிறச் சன்ஸ்கிரீன் தடுக்கும். 'சன்ஸ்கிரீன் போட்டும் மங்கு போகலை' என்று வருகிற பலருக்கு விடுபட்டுப்போன விஷயம் இதுதான். உங்கள் பிள்ளைகள் சிரிப்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வெள்ளையாக வழிவது பெரும்பாலும் ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடின் நிறம். அதோடு அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்தால் முகத்தில் சுண்ணாம்பு அடித்த தோற்றம் வராது. உங்கள் நிறத்துக்கு ஒத்த சாயலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜெல்லா கிரீமா என்று கேட்டீர்கள். அந்த வார்த்தையை வைத்து முடிவு செய்ய முடியாது. இழையும்படி லேசாக இருக்கிறதே என்று ஜெல் வாங்குகிறோம், ஆனால் முதல் வியர்வையிலேயே கரைந்து ஓடுகிற ஜெல் எத்தனையோ உண்டு. வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் பூசி 15 நிமிடம் காய விடுங்கள். பிறகு குழாயைத் திறந்து தண்ணீரை அதன் மேல் ஓட விடுங்கள், தேய்க்க வேண்டாம். தாமரை இலை மேல் விழுந்த மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் அது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் ரகம். பால் மாதிரி வெளுத்து வழிந்தால் அதை ஆபீஸ் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது என்றாலும் கடையில் காட்டும் வீடியோவைவிட நம்பலாம்.

ஸ்பிரே வேண்டவே வேண்டாம். கிரவுண்ட் காற்றில் பாதி பக்கத்தில் நிற்கிறவர் மேல் போகும், மீதியில் கொஞ்சம் மூச்சில் போகும்.

கண் எரிச்சல் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் தனி அனுதாபம். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கிரிக்கெட்டில் மிட் ஆஃபில் நின்றவன் நான். நெற்றி முழுக்கச் சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டு போய், கண் எரிந்து, கைக்கு நேராக வந்த கேட்சை விட்டேன். பந்து வீசியவன் இன்றைக்கு நல்ல எலும்பு மருத்துவர். பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவான். எரிய வைப்பவை பெரும்பாலும் அவோபென்சோன் போன்ற ரசாயன வடிகட்டிகளும், சில ஜெல்களில் இருக்கும் ஆல்கஹாலும். கன்னத்தில் இருக்கும்வரை பேசாமல் இருக்கும், வியர்வை இழுத்துக்கொண்டு போய்க் கண்ணில் விட்டதும் வேலையைக் காட்டும். நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும் மட்டும் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள ஸ்டிக் வைத்துக்கொள்ளுங்கள். அது மெழுகு மாதிரி கெட்டியாக இருக்கும், எளிதில் ஓடாது, பெரும்பாலானவர்களுக்கு எரிவதும் இல்லை. கண் இமையிலும் இமையை ஒட்டிய ஓரத்திலும் எதுவும் போடாதீர்கள். தொப்பிக்கு உள்ளே ஒரு துணிப் பட்டை கட்டிக்கொண்டால் நெற்றி வியர்வை கண்ணுக்கு வராது. தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஆலன் டொனால்ட் மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளையாகப் பூசிக்கொண்டு ஓடி வருவாரே, உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அது ஜிங்க் கிரீம்தான். அவரைப் பார்த்து எந்த பேட்ஸ்மேனும் 'பவுடர் ஒழுகுது' என்று சிரித்ததாகத் தெரியவில்லை.

எப்போது பூசுவது? காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒன்று. உச்சி வெயில் பீரியடுக்கு 20 நிமிடம் முன்னால் ஒன்று. மாலை பயிற்சிக்கு முன் ஒன்று. பழசின் மேலேயே பூசாமல், தண்ணீரால் முகத்தை அலசி, ஒற்றி உலர்த்திவிட்டுப் பூசுங்கள். தொடர்ந்து வெயிலில் நிற்கும் நாளில், குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்றால், 'இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை' என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு போதாது. சொட்டச் சொட்ட வியர்த்தால் 80 நிமிடத்துக்கு ஒரு முறை.

ஆனாலும் இந்த டியூப் எல்லாம் இரண்டாவது காவல்தான். நீங்கள் நிற்கும் ஊரில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலுமாக வருஷத்துக்கு இரண்டு தடவை சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது. கடிகாரம் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நீளமாக இருக்கும் காலை ஏழு மணிப் பயிற்சியில் அது குறைவு. நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் 12 மணி பீரியடைக் கேரம், சதுரங்கம், விதிமுறை வகுப்பு என்று வேப்ப மரத்தடிக்கு மாற்ற முடியுமா என்று ஹெச்.எம்.மிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மாற்றம் செய்யும் வேலையை எந்த டியூபும் செய்யாது.

கிரிக்கெட் கேப் காதையும் பிடரியையும் விட்டுவிடும். சுற்றிலும் நான்கு விரல் அகல விளிம்பு உள்ள தொப்பி வாங்குங்கள். கைக்கு, பைக் ஓட்டுகிறவர்கள் போடும் ஸ்லீவ் போதும், துவைத்துத் துவைத்துப் போடலாம், எட்டு நாளில் தீராது. மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் நனைந்து உடம்போடு ஒட்டினால் கதிர் அதிகமாக உள்ளே போகும். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி மேல். இன்னொன்று, உங்கள் பக்கம் போர் தண்ணீர். அவோபென்சோன் பட்ட வெள்ளைக் காலரை இரும்புச்சத்துள்ள தண்ணீரில் துவைத்தால் துரு மாதிரி காவிக் கறை விழும். சோப்புப் பவுடரைத் திட்டிப் பயனில்லை. படலம் காய்ந்த பிறகு சட்டை போடுங்கள், இல்லையென்றால் கழுத்துக்கும் ஜிங்க் ரகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். டியூபை வண்டி டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் தனியாகவும் மாவு தனியாகவும் பிரிந்துவிடும். பிதுக்கும்போது முதலில் மஞ்சள் தண்ணீர் சொட்டினால் தூக்கிப் போடுங்கள்.

மஞ்சள், சந்தனம், கற்றாழை, தேங்காய் எண்ணெய் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். குளிர்ச்சிக்கும் வழக்கத்துக்கும் இருக்கட்டும், கிரவுண்ட் வெயிலை அவற்றை நம்பி வாங்காதீர்கள். இரவில் முகம் கழுவும்போது, தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் சன்ஸ்கிரீன் வெறும் தண்ணீரில் போகாது. மிதமான ஃபேஸ் வாஷை இரண்டு முறை போட்டு விரலால் மெதுவாகக் கழுவுங்கள். நார், ஸ்க்ரப் பக்கம் போகவே வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றி. நம் தோலின் நிறமியான மெலனின் தானாகவே ஓரளவு காவல். வெள்ளைக்காரர்கள் பயப்படும் அளவுக்கு வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் இல்லை. அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். போடுவதில் தவறில்லை, வசதி உள்ளவர்கள் மூக்கு, கன்னம், காதில் போடட்டும். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்று எட்டு நாளைக்கு ஒரு டியூப் வாங்கும் என்று நான் எழுதினால் அது ஆலோசனை ஆகாது. அவர்களுக்குத் தொப்பி, நிழல், தண்ணீர், அப்புறம் நீங்கள் மாற்றும் கால அட்டவணை. கறுத்துப்போவோம் என்று சில பெண் பிள்ளைகள் விளையாட்டையே விடுகிறார்கள். அவர்களில் யாருக்காவது ஒரு டியூப் கிரவுண்டுக்கு வரத் தைரியம் கொடுக்கும் என்றால் அதை வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதுகு, மார்பில் கெட்டியாகப் பூச வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், வேர்க்குரு கிளம்பும். அங்கே சட்டை போதும்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதியிருந்த இரவு கிரீம். எனக்கு அதிகக் கவலை தந்தது அதுதான். பெயர் எழுதவில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் மங்குக்கு என்று கடையில் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டும், நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோனும் கலந்த கிரீமாக இருக்கும். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும். சன்ஸ்கிரீன் பட்டாலே உங்கள் முகம் எரிகிறது என்றால் அதற்கும் இந்த கிரீம் ஒரு காரணமாக இருக்கலாம். நீண்ட நாள் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து பருக்களாகக் கொப்புளிக்கும். அதனால் இன்றைக்கே தூக்கி எறியச் சொல்லவில்லை. இந்த வாரத்திலேயே பக்கத்து அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டுங்கள். குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதையும் அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள், மங்குக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். போகும்போது அந்த கிரீம் டியூபையும், காலியாகிப்போயிருந்தாலும் சரி, கையோடு எடுத்துப் போங்கள்.